கழுவிய ரீல்

மாமா தூண்டில் ரீலை மேஜைமேல் வைக்கவில்லை, போட்டார். ஒன்றரைக் கிலோ உலோகம் விழுந்த வேகத்தில் தட்டிலிருந்த திருகாணிகள் எகிறித் தரையில் சிதறின.

"சுத்த மாட்டேங்குது. உங்கக்கா கழுவுறேன் பேர்வழின்னு குழாயடியில வெச்சு நாசம் பண்ணிட்டா. உப்பு பூரா உள்ள எறங்கிடுச்சு. மத்தியானத்துக்குள்ள வேணும். இங்கயே உக்காந்திருக்கேன்."

ரீல்காரி குனிந்து திருகாணிகளைப் பொறுக்கினாள். படகுத்துறையில் அவளுக்கு அதுதான் பெயர். ஊரே ரீல் விடுகிற இடத்தில் ரீலைக் கழற்றுகிறவள் இவள் ஒருத்திதான் என்று பக்கத்துக் கடை ஐஸ்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கையளவு மீனை ஆளுயரத்துக்கு நீட்டிக் காட்டும் தூண்டில்காரர்கள் அதைக் கேட்டுத் தாங்களே சிரிப்பார்கள். தையல் மிஷின் பட்டறையில் ஆறு வருஷம் எண்ணெய்க் கையோடு கிடந்தவளை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தவர் மாமாதான். ஆழ்கடலில் தூண்டில் போட ஆட்களை அழைத்துப் போகும் படகு அவருடையது. "என் மச்சினிச்சி கை வெச்சா செத்த ரீலும் பேசும்" என்று அவர் சொல்லிச் சொல்லித்தான் துறையில் பாதிப் பேர் அவளிடம் வந்தார்கள். அந்த நன்றி அவளுக்கு எப்போதும் உண்டு. அதனாலேயே சிலவற்றைக் கேட்காமல் விட்டிருந்தாள்.

ரீல் வாங்கிப் போகிற ஒவ்வொருவரிடமும் அவள் ஒரே பாட்டைத்தான் பாடுவாள். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், பீய்ச்சி அடிக்காதீர்கள், தூறல் மாதிரி விடுங்கள், பிறகு நிழலில் உலர்த்துங்கள். போன மாதம் அக்காவுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தாள். "அந்தாளு வந்ததும் கட்டையச் சாச்சுடுவாருடி. நானே கழுவி வெக்கிறேன், சந்தோஷப்படுவாரு" என்று சொல்லி அக்கா அக்கறையாகக் கேட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாளாம். காதுக்குப் பின்னால் ஒன்பது தையல். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் ரீல்காரி.

விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு பக்கத் தகட்டின் திருகுகளைக் கழற்றினாள். உப்பு ஏறிய ரீலைத் திறந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பல்சக்கரங்களின் இடுக்கில் வெள்ளைப் பொருக்கு, பித்தளையில் பச்சைக் களிம்பு, சோப்பு மாதிரி நுரைத்துப்போன கிரீஸ். பேரிங்கைத் தட்டினால் துருத் தூளாகக் கொட்டும். உப்பு சத்தமில்லாமல் தின்கிற ஜாதி. அதைச் சுரண்டத் தயாராகப் பழைய பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் முக்கி எடுத்தபடி தகட்டைத் தூக்கினாள்.

உள்ளே பளிச்சென்று இருந்தது. போன தடவை அவள் தடவிய நீல கிரீஸ் தடவிய இடத்திலேயே இருந்தது. பேரிங்கை விரலில் மாட்டிச் சுண்டினாள், சத்தமே இல்லாமல் சுற்றியது. இவ்வளவு சுத்தமாக ரீல் வைத்திருக்கிற ஆளை இந்தத் துறையில் அவள் பார்த்ததில்லை.

"உள்ள ஒரு பொட்டு உப்பு இல்ல மாமா. அக்கா நல்லாத்தான் கழுவியிருக்கா."

"அப்புறம் ஏன் சுத்தல?"

"விளிம்பு நசுங்கியிருக்கு. உள்ள மடங்கி, நரம்பு சுத்துற ஸ்பூல்ல உரசுது. எங்கயாச்சும் விழுந்துச்சா?"

"படகுல விழுந்துச்சு. கேள்வி கேக்காம வேலையப் பாரு." அவர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நசுங்கிய இடத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. ஊசியால் நெம்பினாள். வெளிர் பச்சை நிறத்தில் சுண்ணாம்புச் சில்லு ஒன்று வந்தது. மாமாவின் படகு முழுக்க வெள்ளை. அக்கா வீட்டுச் சமையலறைச் சுவர்தான் பச்சை, அக்காவே நின்று அடிக்கவைத்த பச்சை. பிறகு, இனி கழற்ற வேண்டிய அவசியமே இல்லாத கைப்பிடிக் குமிழைக் கழற்றினாள். குமிழுக்கு அடியில், அது சுழலும் தண்டைச் சுற்றி, பத்துப் பதினைந்து முடிகள் இறுகிக் கிடந்தன. அடியில் ஒரு விரற்கடை நரை, மீதியெல்லாம் செம்பழுப்பு. அந்தச் சாயத்தைக் கிண்ணத்தில் குழைத்து அக்கா தலையில் பூசிவிட்டவள் அவள்தான். முடியின் வேரில் காய்ந்த தோல் இருந்தது.

அதுவரை அவர், இவர் என்று மனசுக்குள் இருந்ததெல்லாம் அந்த நிமிஷத்தோடு போயிற்று. எதிரே அவன் உட்கார்ந்திருந்தான். காலை ஆட்டிக்கொண்டு, செல்போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு.

முதலில் வேறொன்று தோன்றியது. பெரிய மீன் மாட்டினால் இந்த ரீலின் கொக்கிகளைத் தன் இடுப்புப் பட்டையோடு மாட்டிக்கொண்டுதான் அவன் நிற்பான். மீன் இழுக்கும்போது தூண்டில் நரம்பை விட்டுக் கொடுக்கும் பிரேக்கை இறுகிப்போகும்படி வைத்துவிட்டால் போதும், மீன் ஆளோடு சேர்த்துக் கடலுக்குள் கொண்டுபோய்விடும். அவள் கைக்கு அது இரண்டு நிமிஷ வேலை. வாஷரை எடுத்துக்கூட விட்டாள். ஆனால் தண்ணீருக்குள் போகும்போது எதற்காகப் போகிறோம் என்று அவனுக்குத் தெரியாமல் போய்விடுமே. அதை அவளால் பொறுக்க முடியவில்லை.

முடியை வெள்ளைத் துணிமேல் வைத்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

"சமையல்கட்டுல வெச்சு எறிஞ்சியா, இல்ல கையில பிடிச்சுக்கிட்டே அடிச்சியா?"

அவன் நிமிர்ந்தான். முடி அவன் கண்ணில் பட்டதா என்று தெரியவில்லை. காதில் விழுந்தது நன்றாக விழுந்துவிட்டது.

"யாருகிட்ட பேசுற? நீ வா போன்னு வேற பேசுவியா?"

"அவ கழுவினதுல ஒரு தப்பும் இல்லடா."

மேஜையைச் சுற்றி வந்தவன் அவள் பின்னந்தலை முடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தை மரப்பலகையில் மோதினான். உதடு கிழிந்தது. இரண்டாவது மோதலில் முன்பல் ஒன்று உடைந்து நாக்கில் கிடந்தது. கிரீஸும் ரத்தமும் கலந்த ருசி. "ரெண்டு பேருக்கும் ஒரே வாய்டி" என்று காதருகே மூச்சு வாங்கினான். அவன் மற்றொரு கை ரீலின் சட்டத்தைத் தூக்குவது ஓரக்கண்ணில் தெரிந்தது. அவள் விரல்கள் துழாவி எட்டியது நீள திருப்புளி. பின்னால் வீசிக் குத்தினாள். அது அவன் தொடையில் பிடி வரைக்கும் இறங்கியது.

அவன் மண்ணெண்ணெய்த் தட்டை இழுத்துக்கொண்டு விழுந்தான். சட்டம் அவன் கையிலிருந்து நழுவியது. அதை எடுத்தாள். தரையை ஊன்றியிருந்த அவன் வலது கைமேல் ஓங்கி இறக்கினாள். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. மறுபடி இறக்கினாள். மூன்றாவது அடி தேவையில்லை என்று தெரிந்தேதான் அடித்தாள். நான்காவதற்குத் தூக்கியபோது ஐஸ்காரர் ஓடிவந்து பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தூக்கினார். கால்கள் காற்றில் உதைத்தன. தொண்டையிலிருந்து வந்த சத்தம் தன்னுடையதுதான் என்று அவளுக்கு வெகுநேரம் கழித்துத்தான் புரிந்தது.

யாரோ போன் செய்து அக்கா வந்தாள், காலில் செருப்பில்லாமல். தங்கையின் முகத்தைப் பார்த்தாள், தரையில் கிடந்தவனைப் பார்த்தாள், போய் அவன் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். தொங்கிக்கொண்டிருந்த கையைத் தன் முந்தானையால் சுற்றினாள்.

"என்னடி பண்ணி வெச்சிருக்க? கையடி இது! இந்தக் கையாலதானே அவரு…"

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. அக்கா சுற்றிய துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐஸ்காரரும் இன்னும் இருவரும் அவனைத் தூக்கி ஐஸ் வண்டியில் கிடத்தினார்கள். "ஏறும்மா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார் ஐஸ்காரர். அக்கா முந்தானையை அவன் கையிலிருந்து உருவ முயன்றாள், வரவில்லை. பல்லால் கடித்துக் கிழித்து மீதியை அவனுக்கே விட்டாள்.

"நீங்க கூட்டிட்டுப் போங்கண்ணே."

வண்டி கிளம்பும்போது அவன் கத்தினான். "வருவேன்டி. ரெண்டு பேருக்கும் இருக்கு."

கடைக்குள் மண்ணெண்ணெய் நாற்றம் குமட்டியது. அக்கா ஒரு துணியை நனைத்துத் தங்கையின் உதட்டில் வைத்து அழுத்தினாள்.

"கழுவச் சொல்லிக் குடுத்தது நான்தானே" என்றாள் ரீல்காரி. பல் இல்லாத இடத்தில் காற்றுப் போனது.

அக்கா துணியை மடித்து மறுபக்கத்தை வைத்தாள்.

"நல்லாத்தானே கழுவியிருந்தேன்?"

"ஒரு பொட்டு உப்பு இல்லக்கா."

அக்கா சிரித்துவிட்டாள். தையல் இழுத்தது, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு வலியோடு சிரித்தாள். பிறகு எழுந்து போய் ஷட்டரை இழுத்தாள். அது முழங்கால் உயரத்தில் வந்து சிக்கிக்கொண்டது. எவ்வளவு மிதித்தும் இறங்கவில்லை.

இருவரும் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்கள். ஷட்டருக்கு அடியில் வெயில் பட்டையாக விழுந்திருந்தது. அதில் கால்கள் மட்டும் போயின. ரப்பர் பூட்ஸ், வெறுங்கால், மீன்கூடை வைத்த வண்டிச் சக்கரம். ஒவ்வொரு ஜோடி வரும்போதும் அக்காவின் விரல்கள் இவள் மணிக்கட்டை இறுக்கின, அது கடந்து போனதும் தளர்ந்தன. போலீஸ் வருமா, அவனே வருவானா, இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு ஜோடி கால் வந்து நின்றது. ஈரச் செருப்பு, குதிகாலில் மணல்.

"கடை இருக்குதுங்களா?"

அக்காதான் பதில் சொன்னாள், தெருவுக்கே கேட்கிற குரலில்.

"இருக்கு. உள்ள தள்ளி விட்டுட்டுப் போங்க. ரெண்டு நாள் கழிச்சு வாங்க."

ஒரு கை பழுதான ரீல் ஒன்றைத் தரையோடு தரையாகத் தள்ளியது. வந்தவன் திரும்பி நடந்தான். அவிழ்ந்து கிடந்த நரம்பின் நுனி அவன் செருப்பில் மாட்டியிருந்தது அவனுக்குத் தெரியவில்லை. அவன் போகப் போக ரீல் டிக், டிக் என்று சுற்றியது. நரம்பு ஷட்டருக்கு அடியில் வெயிலைத் தாண்டித் தெருவுக்குள் நீண்டுகொண்டே போனது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.