கடலில் இருக்கிறவர்களுக்காக

சவிரி அன்றைக்கும் மண் தின்றிருந்தான். வாயைத் திற என்றால் இன்னும் இறுக்கி மூடிக்கொள்வான். கன்னம் இரண்டும் உப்பிக் கிடக்கும். அவனுக்கு அப்போது ஒன்றரை வயது. என் கணவர் லோறன்ஸ் கிணற்றடியில் அவனை மடியில் கிடத்தி, சுட்டுவிரலை வாய்க்குள் விட்டு மண்ணை வழித்தெடுத்தார். கடைசியாக எடுத்தபோது அவன் விரலைக் கடித்துவிட்டான். நன்றாக நொந்திருக்க வேண்டும். கையை உதறிக்கொண்டே சிரித்தார்.

"பல்லு முளைச்ச உடன தகப்பனில்தான் பதம் பாக்கிறான்" என்றார்.

பிறகு பிள்ளையை என் இடுப்பில் தந்துவிட்டு, துடுப்பை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார். மூத்தவள் சுசிலா குசினி வாசலில் இருந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்பு. அவள் தலை நிமிரவில்லை. நிமிர வேண்டிய காரணம் ஒன்றும் அன்றைக்கு இருக்கவில்லை.

அது ஐம்பத்தொன்பதாம் ஆண்டு, ஆடி மாதம். முல்லைத்தீவுக்கும் கொக்கிளாய்க்கும் நடுவில் கடலோரமாக எங்கள் ஊர். அவரும் அவருடைய தம்பி மத்தேயுவும் ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர்கள். அன்று மத்தேயுவின் காலில் கெளிற்று மீனின் முள் ஏறி வீங்கியிருந்ததால் அவர் முல்லைத்தீவு ஆசுப்பத்திரிக்குப் போய்விட்டார். வள்ளத்துக்கு இரண்டு பேர் வேண்டும். காலையில் விட்ட வலையை எடுத்தால் போதும் என்று இவர் சின்னத் தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு தனியே போனார். பொழுது சாயும் நேரத்தில் கச்சான் எழும்பியது. கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. அது பலத்துவிட்டால் கரையைப் பார்த்து வருகிற எதையும் வரவிடாது.

ஊர் வள்ளங்கள் எல்லாம் போய்த் தேடின. தெப்பமும் கிடைக்கவில்லை, துடுப்பும் கிடைக்கவில்லை, அவரும் கிடைக்கவில்லை.

கிடைக்காததுதான் பெரிய கரைச்சலாகப் போயிற்று. எங்கள் கரையில் முன்னர் ஒருவர் இப்படிக் காற்றில் இழுபட்டுப் போய், கப்பல்காரர் ஏற்றிக்கொண்டு போனதில் கல்கத்தாவில் இறங்கி, பல மாதங்கள் கழித்துத் தாடியோடு வந்து நின்றவர். அந்தக் கதையை எனக்குச் சொல்லாத ஆள் இல்லை. நானும் கேட்டுக்கொண்டேன். அழுகையும் முழுதாக வராது, நம்பிக்கையும் முழுதாக வராது.

ஆனால் வீட்டில் ஒருவர் இல்லாமல் போனாலும் ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் பசிக்கும். விடிந்ததும் எழும்பிக் கோழியைத் துரத்துவான். அக்காவின் சிலேற்றை நக்கி, அவள் எழுதி வைத்த வீட்டுக்கணக்கை அழித்துவிடுவான். அவள் பள்ளிக்கூடம் போவதைக் கண்டால் முன்வேலிப் படலைக் கதவைப் பிடித்துக்கொண்டு ஊர் கேட்க அழுவான். அதனால் அவள் சட்டையை முள் கிழித்தாலும் பரவாயில்லை என்று பின்வேலியில் நாய் போகிற பொட்டுக்குள்ளால் குனிந்து போய்விடுவாள். இவன் கொஞ்ச நேரம் அவளை வீட்டுக்குள் தேடுவான். பாய்க்குக் கீழே பார்ப்பான், சட்டிக்குள்ளும் பார்ப்பான். பிறகு மறந்துவிட்டு மண்ணில் இருப்பான். நான் ஓடிப்போய் வாயைப் பார்ப்பேன். சமைக்க வேண்டும், துவைக்க வேண்டும், சுசிலாவின் தலைக்குப் பேன் பார்க்க வேண்டும். நின்று யோசிக்க இடமில்லை. அது நல்லதாகவும் இருந்தது.

பொழுது பட்டதும் செபமாலை. அது என் மாமியார் காலத்திலிருந்து அந்த வீட்டில் ஒரு நாளும் விடுபடாதது. மாதா சுரூபத்துக்கு முன்னால் விளக்கு வைத்துப் பாயை விரிப்போம். மத்தேயுவுக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை. பக்கத்து வளவில் இருந்தாலும் சாப்பாடு எங்களோடுதான். அவரும் வந்து வாசலோரம் முழங்காலில் நிற்பார். செபமாலை முடிந்ததும் கருத்துகள் வரும். அதாவது, இன்னாருக்காக என்று சொல்லி ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும். பாப்பரசருக்காக, எங்கள் பங்குச் சுவாமியாருக்காக, நோயாளிகளுக்காக, கடலில் இருக்கிறவர்களுக்காக, மரித்த ஆத்துமாக்களுக்காக. இந்தக் கருத்துகளைச் சொல்வது வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் வேலை. சுசிலா முதல்முறை நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்குப் படிக்கத் தொடங்கியதிலிருந்து அவள் சொன்னாள். சவிரிக்குத் தெரிந்த ஒரே செபம் ஆமென். யாராவது மூச்சு வாங்க நிறுத்தினால் உடனே ஆமென் என்பான். பாப்பரசருக்கு வரவேண்டிய செபத்தை எத்தனையோ தரம் பாதியில் முடித்து வைத்திருக்கிறான்.

செபம் முடிந்ததும் பிள்ளைகள் பெரியவர்களிடம் வந்து தோத்திரம் சொல்வார்கள். நாங்கள் நெற்றியில் சிலுவை போட்டுவிடுவோம். சவிரி ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று தரம் வருவான்.

மத்தேயுவின் கால் ஆறியது. மரியாம்பிள்ளை என்கிற அயலவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு வள்ளத்தைத் தள்ளினார். பட்ட மீனில் அண்ணனின் பங்கை முன்போலவே என் முற்றத்தில் கொண்டுவந்து போட்டார். ஒருநாள் மீனைக் கொட்டிவிட்டுப் போகாமல் நின்றார். மரித்தவர்களுக்கு வைக்கிற ஆத்துமப் பூசை ஒன்று அண்ணனுக்காக ஒப்புக்கொடுப்போமா என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். நான் வேண்டாம் என்றேன். அவர் பிறகு கேட்கவில்லை.

வேண்டாம் என்று சொன்னேனே தவிர, மனம் அதிலேயே கிடந்தது. அவர் எங்கேயோ உயிரோடு இருந்தால், செத்தவர்களோடு சேர்த்து அவர் பேரைச் சொல்வது நானே அவரைத் தள்ளி விடுவது போல. அவர் செத்துப்போயிருந்தாலோ, மோட்சத்துக்கு முன் ஆத்துமாக்கள் பாவம் தீர்க்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் எங்கள் செபத்துக்காகக் காத்துக்கொண்டிருப்பார். மற்ற ஆத்துமாக்களுக்கெல்லாம் வீட்டிலிருந்து செபம் போகும், இவருக்கு மட்டும் ஒன்றும் போகாது. பாத்திரம் கழுவும்போதும் இதுதான் நினைவு. கருத்துகள் சொல்லும் நேரத்தில் நான் கண்ணை மூடிக்கொள்வேன். சுசிலா அப்பாவின் பேரை எதிலும் சொல்வதில்லை. நானும் சொல்லச் சொல்வதில்லை.

ஒருநாள் அவள் நோயாளிகளுக்குச் சொல்லிவிட்டு நேரே மரித்த ஆத்துமாக்களுக்குப் போனாள். தவறி விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்து பார்த்தபோது அவள் வாயை இறுக்கிக்கொண்டு நின்ற விதத்தில் அது தவறு இல்லை என்று தெரிந்தது. மத்தேயு தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். அன்று இரவு சோறும் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் அவர் கடலுக்குப் போகவில்லை. வலை கிழிந்து கிடக்கிறது என்றார். அதற்கடுத்த நாள் காது குத்துகிறது என்றார். அதற்குப் பிறகு வானம் சரியில்லை என்றார். வானம் கழுவித் துடைத்தது போல இருந்தது. மற்ற வள்ளங்கள் எல்லாம் போய் வந்தன. மரியாம்பிள்ளை படலைக்கு வெளியே நின்று, சத்தத்தை வேண்டுமென்றே கூட்டி, "என்ன மத்தேயு, கடல் வத்திப்போச்சோ? இல்லாட்டிச் சொல்லு, நான் வேற ஆரோடையும் போறன்" என்று கேட்டுவிட்டுப் போனார். மத்தேயு கேட்காதவர் போல வலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் மீன் இல்லை. முருங்கையிலையும் சம்பலுமாகப் போயிற்று. சவிரி சோற்றை வாயில் வாங்கி, மீன் இருக்கிறதா என்று நாவால் தேடிப் பார்த்துவிட்டு, அப்படியே என் கையில் துப்பினான். மண் தின்பவனுக்கு முருங்கையிலை பிடிக்கவில்லை. அயலில் தந்த இரண்டு மீனைப் பொரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். மத்தேயுவுக்குச் சம்பலோடு சோறு போட்டபோது அவருடைய கை சோற்றுக் கோப்பையில் நின்றுவிட்டது.

"மச்சாள்" என்றார். "அந்தக் கருத்துச் சொல்லாமல் நான் ஒருநாளும் வள்ளம் தள்ளினதில்லை. அம்மா சொன்னவா, பிறகு நீங்கள் சொன்னனீங்கள், பிறகு பிள்ளை சொன்னவள். சிரிக்காதேங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு."

நான் சிரிக்கவில்லை. ஆறடி உயரமும் அகன்ற தோளுமாக இருந்த அந்த மனிதர், கடற்கோவத்தில் வள்ளம் கவிழ்ந்து ஒரு இரவு முழுதும் மிதந்து வந்தவர், ஏழு வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து வரவேண்டிய ஒரு வசனத்துக்காக வீட்டில் குந்தியிருந்தார். நீங்களே சொல்லலாமே என்று கேட்டேன். கடலுக்குப் போகிறவன் தனக்குத்தானே அதைச் சொல்லக்கூடாது, கரையில் நிற்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். அது எங்கள் கரையில் எல்லோரும் அறிந்ததுதான். நான் சொல்கிறேன் என்று என் வாயிலிருந்தும் வரவில்லை. கடல் என்கிற சொல்லை நானும் அந்த நாட்களில் சுற்றிப்போய்க்கொண்டிருந்தேன்.

பின்னேரம் சுசிலா கிணற்றடியில் சிலேற்றைக் கரியால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். சவிரி வாளிக்குள் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தான். நான் பக்கத்தில் குந்தி, ஏன் பிள்ளை கடலில் இருக்கிறவர்களுக்குச் சொல்வதில்லை என்று கேட்டேன். அவள் சிலேற்றைத் திருப்பி மறுபக்கத்தைத் தேய்த்தாள்.

"அப்பாவுக்கு ஒவ்வொரு நாளும் சொன்னனான்தானே" என்றாள். "அண்டைக்கும் சொன்னனான். காத்து இரைஞ்சதெண்டு சத்தமாச் சொன்னனான்."

அது உண்மை. அன்று பொழுதுபட, கூரைக் கிடுகு படபடவென்று அடிக்க, அவள் தொண்டை கிழியச் சொன்னது என் காதில் இருந்தது.  சித்தப்பா பயப்படுகிறார், அவருக்காகச் சொல் என்றேன். 

"சித்தப்பாவுக்குச் சொன்னா அப்பாவையும் சொல்லவேணும். விட்டிட்டுச் சொல்லேலாது" என்றாள். பிறகு என் முகத்தை நேரே பார்த்தாள். "அப்பா எதில அம்மா? கடலிலையோ, மற்றதிலையோ?"

அந்தக் கேள்வியை ஊரில் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. சுவாமியார் கேட்கவில்லை, மத்தேயு பாதி கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். சவிரி வாளியைக் கவிழ்த்துவிட்டான். தண்ணீர் எங்கள் இரண்டு பேரின் பாவாடைக் கரையையும் நனைத்துக்கொண்டு போனது. அவனைத் தூக்கித் துடைத்தேன். உடுப்பு மாற்றினேன். அரிசி கழுவி உலை வைத்தேன். பிள்ளை பதிலுக்குக் காத்திருக்கிறாள் என்று முதுகுக்குத் தெரிந்தது.

அவர் உயிரோடு இருந்தால் இத்தனை நாளில் ஒரு தந்தி வந்திருக்கும். அவர் எழுதத் தெரிந்தவர். எழுதாமல் இருக்கிறவரும் இல்லை. இதை நான் அன்றுதான் புதிதாக அறிந்தேன் என்று சொல்ல முடியாது. எப்போதோ அறிந்து, மடித்து வைத்திருந்தேன். அதை மடித்து வைத்திருந்த செலவை மத்தேயுவும் இந்தப் பிள்ளையும் கட்டிக்கொண்டிருந்தார்கள். சோறு கொதித்தபோது அதுதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அன்றும் விளக்கு வைத்தோம். மத்தேயு வாசலோரம் வந்து நின்றார். செபமாலை முடிந்தது. சுசிலா பாப்பரசருக்குச் சொன்னாள். சவிரி இடையில் ஆமென் என்றான். சுவாமியாருக்குச் சொன்னாள். நோயாளிகளுக்குச் சொன்னாள். பிறகு நிறுத்தினாள். இந்தமுறை அவள் அடுத்ததற்குத் தாவவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இண்டைக்கு மரிச்சவைக்கு நான் சொல்லுறன்" என்றேன். "நீ பிறகு கடலுக்குச் சொல்லு."

மாமனாரின் பேரையும் மாமியாரின் பேரையும் சொன்னேன். என் தகப்பனாரின் பேரைச் சொன்னேன். பிறகு லோறன்ஸ் என்று சொன்னேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் அவருடைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாய்க்கு அது பழக்கமில்லாத சொல்லாக இருந்தது. சரியாகச் சொன்னேனா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. பரலோக மந்திரத்தைத் தொடங்கினேன். பாதியில் என் குரல் நின்றது. சவிரி ஆமென் என்றான். மத்தேயுதான் மீதியைச் சொல்லி முடித்தார்.

சுசிலா அழவில்லை. நான் சொன்னதை எங்கோ வைத்து ஒதுக்குவது போலக் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்புவிக்கிற குரலில் சொன்னாள்:

"கடலில் இருக்கிறவர்களுக்காக. எங்கட சித்தப்பாவுக்காக. மரியாம்பிள்ளை மாமாவுக்காக."

அருள்நிறை மந்திரத்தை அவள் முழுதாகச் சொன்னாள். பிறகு தோத்திரம் சொல்ல வந்தாள். நான் சிலுவை போட்டேன். மத்தேயு சிலுவை போட்டபோது அவர் கை அவளுடைய நெற்றியில் வழமையை விடக் கூட நேரம் இருந்தது. அவள் தலையை ஆட்டி விடுவித்துக்கொண்டு, பசிக்கிறது என்றாள்.

அந்தக் கிழமை ஞாயிறு பூசையில் சுவாமியார் மரித்தவர்களோடு என் கணவரின் பேரையும் வாசித்தார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இருந்தேன். அதற்குப் பிறகு அழ முடிந்தது. பல நாட்கள் அழுதேன். சட்டி கழுவிக்கொண்டு, சுசிலாவுக்குத் தலை வாரி இழுத்துக்கொண்டு, சவிரியின் வாயிலிருந்து மண்ணை எடுத்துக்கொண்டு அழுதேன். பிள்ளைகள் அதையும் பழகிக்கொண்டார்கள்.

ஆனால் அது பிறகு. அன்று செபம் முடிந்து விடிந்தபோது மத்தேயு எழும்பிப் போயிருந்தார். வெயில் ஏறக் கடற்கரையில் வள்ளத்தைக் கரைக்கு இழுக்கிற சத்தம் கேட்டது. சுசிலா பின்வேலிப் பொட்டுக்குள்ளால் பள்ளிக்கூடம் போய்விட்டாள். சவிரியை இடுப்பில் வைத்துக்கொண்டு படலைக்குப் போனேன். மத்தேயு மீன் கடகத்தை முற்றத்தில் இறக்கி வைத்துவிட்டு, முகத்தைத் தோள் துண்டால் துடைத்தார். கடகத்துக்குள் எட்டிப் பார்த்தேன். சூடை மீன். ஆவணி பிறந்தால் எங்கள் கரையில் படுவது எப்போதும் சூடைதான்.