வண்டி நிறுத்த ஓர் இறக்கம்

வண்டி ஓட்டுவது ஒரு வேலையே இல்லை. அதை நிறுத்த இடம் தேடுவதுதான் வேலை. கொடைக்கானலில் டாக்ஸி வைத்திருக்கும் எவனைக் கேட்டாலும் சொல்வான். யாரும் கேட்பதில்லை, அதனால் நானே சொல்கிறேன்.

என் ஆஸ்டினுக்கு செல்ஃப் எடுக்காது. குளிரில் பேட்டரி செத்துக் கிடக்கும். அதனால் சாயங்காலம் இறக்கத்தில் நிறுத்தி, முன்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிட்டுப் போவேன். காலையில் கல்லை எடுத்தால் வண்டி தானே உருளும். கியரைப் போட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். மலையில் பாதி வண்டிகள் இப்படித்தான் பிழைக்கின்றன.

அறுபத்திரண்டாம் வருஷ சீசனில் புதுச் சட்டம் போட்டார்கள். பங்களாத் தெருக்களில் வாடகை வண்டி நிற்கக் கூடாது, மைதானத்தில்தான் நிற்க வேண்டும். மைதானம் சமதரை. அங்கே நிறுத்தினால் காலையில் தள்ள ஆள் தேட வேண்டும். மீறித் தெருவில் நிறுத்தினால் போலீஸ் லாரி வந்து, சங்கிலி போட்டு ஸ்டேஷனுக்கு இழுத்துப் போய்விடும். என் வீட்டுக்குப் பக்கத்து பங்களாத் தெரு இறக்கத்தில், விசாலாட்சி அம்மாள் வீட்டு வாசலில் நின்ற என் வண்டியை அப்படித்தான் இழுத்துப் போனார்கள். புகார் கொடுத்தது அந்த அம்மாள்தான்.

"இன்னொரு தடவ இங்க வந்துச்சு, பெர்மிட்டப் புடுங்கிருவேன்லே" என்றார் ஏட்டு குருநாதன். பெர்மிட் போனால் என் வீட்டில் அடுப்பு எரியாது.

அதற்குப் பிறகு ஊருக்கு வெளியே வட்டக்கானல் பாதை இறக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, வீட்டுக்கு நடந்தே வருவேன். விடிந்ததும் மறுபடி நடை. சலித்துப் போய்விட்டது.

ஒரு நாள் காலையில் வண்டியை எடுத்து வரும்போது விசாலாட்சி அம்மாள் தெருவில் நின்று கையை ஆட்டினார். அவருடைய வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. பழசையெல்லாம் பேச அது நேரமா? ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மனுஷர் பிழைத்துக்கொண்டார்.

"இனிமே நம்ம வாசல்லயே நிப்பாட்டு, மயில்சாமி. எவன் கேக்குறான்னு பாப்போம்" என்றார் அந்த அம்மாள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நடந்து நடந்து ஓய்ந்த கால் சொல்ல விடவில்லை. அன்று சாயங்காலம் அங்கேயே நிறுத்திவிட்டுப் போய் அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன்.

காலையில் வாசலில் கல் மட்டும் கிடந்தது.

ஸ்டேஷனுக்கு விசாலாட்சி அம்மாளும் கூடவே வந்தார். "நான் புகாரே குடுக்கலையே, ஏட்டையா!"

"நீங்க குடுக்கலம்மா. எதுத்த வீட்டுக்காரரு குடுத்திருக்காரு."

அம்மாளுக்கு முகம் சுண்டிப்போனது. ஏட்டு என் பெர்மிட்டை வாங்கி மேஜைக்குள் வைத்துப் பூட்டினார். "வண்டிய வெரசா எடுத்துட்டுப் போ. எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்கு."

ஸ்டேஷன் வாசலும் சமதரைதான். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

விசாலாட்சி அம்மாள் சால்வையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றார். "கியரப் போடுப்பா. நான் தள்ளுறேன்."

கொஞ்சம் தயங்கிவிட்டு ஏட்டும் வந்து கை கொடுத்தார்.

வண்டி கிளம்பிவிட்டது. எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை.