அம்மிக்கல்லுக்கு அடியில் சாவி இல்லை

1

இந்தக் கதை பிறக்கக் காரணம் சூரியன். தேவனாம்பட்டினம் கடற்கரையில் அது கடலுக்குள் இறங்கி மறைந்ததாக ஒரு தொடர்கதையில் எழுதிவிட்டேன். கிழக்குக் கடற்கரையில்! அதுவும் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து வளர்ந்த நான்!

என்ன செய்ய? நான் உட்கார்ந்து எழுதுவது அயர்லாந்தின் மேற்கு ஓரத்தில், ஆட்டு மந்தைகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள் கிடக்கும் ஒரு கிராமத்தில். இங்கே என் சமையலறை ஜன்னலில் சூரியன் தினமும் கடலில்தான் விழுகிறது. கண் பார்த்ததைக் கை எழுதிவிட்டது. அந்த வாரம் வாசகர்கள் என்னை உரித்து, உப்புத் தடவி, கருவாடாகக் காயப்போட்டார்கள்.

அன்றைக்கு ஒரு சத்தியம் செய்தேன். ஆட்களைக் கற்பனை செய்யலாம். இடத்தை மட்டும் கற்பனை செய்யக் கூடாது. சந்து, சுவர், கேட் எல்லாம் நிஜமாக இருக்க வேண்டும்.

அந்த நிஜத்தை எனக்குச் சேகரித்துத் தருபவர் என் தங்கை இலக்கியாவின் கணவர் செந்தமிழ்செல்வன். மருந்துக் கம்பெனி ரெப். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே பைக்கிலேயே வாழ்பவர். டாக்டர்களுக்காகக் காத்திருக்கும் நேரத்தில், தெருத் தெருவாகப் போய் வீடியோ எடுத்து அனுப்புவார்.

"மச்சான், கொலை பண்றதுக்குத் தோதா ஒரு சந்து பாத்து வெச்சிருக்கேன். சாக்கடை கொஞ்சம் நாறுது, பரவால்லயா?"

(இடையில் ஒரு குறிப்பு: என் மனைவி ரேகா பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் நர்ஸ். நான் யாருக்கும் நிரந்தரமாக வேலை செய்யாத எழுத்தாளன். காலையில் மெத்தைக் கம்பெனிக்கும் பூனைத் தீவனக் கம்பெனிக்கும் விளம்பரம் எழுதுவேன். மத்தியானம் சிதம்பரத்தில் யாரையாவது கொல்லுவேன். இந்தக் கிராமத்தில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் நேராக எங்கள் சமையலறைக்கு வந்து முட்டையை வைத்துவிட்டுப் போவார். இதை நினைவில் வையுங்கள்.)

2

மச்சான் ஒரு நாள் சிதம்பரத்திலிருந்து ஒரு பூட்டிய வீட்டின் வீடியோவை அனுப்பினார். [தெருவின் பெயரை எழுதி, அடித்துவிட்டேன்.] முன்பக்க கிரில்லில் பெரிய பூட்டு. பக்கத்துச் சந்து வழியாகப் போனால் இடுப்பளவுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கொல்லை. கொல்லையில் ஒரு கொடி. கொடியில் ஒரு புடவை.

மச்சான் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். புடவை சொட்டிக்கொண்டிருந்தது.

முன்னால் பூட்டு, பின்னால் ஈரம்! நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டேன். உள்ளே யார் இருக்கிறார்கள், ஏன் பூட்டிவைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன ஆபத்து... இதில் ஒன்றைக்கூட நான் மச்சானிடம் கேட்கவில்லை. எல்லாவற்றையும் வாசகர்களிடம் கேட்டேன். 'ஈரப் புடவை' தொடர் அப்படித்தான் ஆரம்பித்தது. கைப்பேசியில் வரும் வார இதழில், வெள்ளிதோறும்.

மாம்பழ நிறம், பச்சை பார்டர். தெருவின் பெயர். சுவரின் உயரம். உள்ளே இருப்பவள் பகல் பதினோரு மணி வாக்கில் குளிக்கிறாள் என்பது. (மச்சான் நாலைந்து தடவை போய்ப் பார்த்து உறுதிசெய்தது.) எல்லாவற்றையும் எழுதினேன்.

அப்போது 'கெடிலம் வாசகன்' என்ற பெயரில் ஒருவர் கேட்டார்: "எல்லாம் சரி சார், லாஜிக் இடிக்குதே. கொல்லைக் கதவும் பூட்டித்தானே இருக்கும். வில்லன் எப்படி உள்ளே போவான்?"

லாஜிக் இடிக்கிறது என்று சொன்னால் எனக்குச் சோறு இறங்காது. வீடியோவை மறுபடி ஓட்டினேன். கொல்லைக் கதவோரம் ஒரு பழைய அம்மிக்கல் கிடந்தது. அடுத்த வெள்ளி எழுதினேன்: 'மாற்றுச் சாவி அந்த அம்மிக்கல்லுக்கு அடியில் இருந்தது.'

அம்மிக்கல் நிஜம். சாவி என் கற்பனை. இடத்தைப் பொறுத்தவரை நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

கெடிலம் வாசகன் கைகூப்பும் படம் போட்டார். நான் பதிலுக்கு இதயம் போட்டேன்.

3

இனிமேல்தான் கதை. எப்படித் தொடங்குவது என்று நிறைய அடித்து எழுதிப் பார்த்தேன்.

'பூட்டிய வீட்டுக்குள் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.' நல்ல வரி. நல்ல வரியாக இருப்பதுதான் உறுத்துகிறது. அடித்துவிட்டேன்.

'அவன் சுவரேறிக் குதித்தபோது, நான் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், பூனைகள் விரும்பும் மீன் சுவையைப் பற்றி' வேண்டாம். இது என்னைப் பற்றிய கதை அல்ல.

சரி, எனக்கு எப்படித் தெரிய வந்ததோ அப்படியே சொல்கிறேன்.

"மச்சான்! ஷூவ கழட்டச் சொல்றாங்க!"

"யாரு மச்சான்? எங்க இருக்கீங்க?"

"அந்தப் பூட்டுன வீட்டு வாசல்ல. தெருவே சுத்தி நிக்குது. ரெண்டு காலையும் காட்டு, வெரலு நசுங்கியிருக்கான்னு பாக்கணுங்கறாங்க."

பின்னால் ஒரு பெண் குரல் வெடித்தது. "எவங்கிட்டடா பேசற? போனை ஸ்பீக்கர்ல போடு! எல்லாரும் பாத்துக்குங்க, இவன்தான் வாரா வாரம் வந்து இந்தக் கொல்லைய படம் புடிச்சிட்டுப் போனவன்!"

அது பக்கத்து வீட்டுத் தங்கம்மாள். மாவரைத்து விற்பவர். அவர் கத்திய கத்தலிலிருந்து நான் பொறுக்கி எடுத்தது இவ்வளவு: அன்று காலை அந்த வீட்டம்மா குளித்துக்கொண்டிருந்தபோது ஒருவன் சுவரேறிக் குதித்திருக்கிறான். 'தொம்' என்று சத்தம். கூடவே ஓர் அலறல். அலறியது வீட்டம்மா அல்ல, வந்தவன். தங்கம்மாள் ஓடி வந்து பார்ப்பதற்குள் நொண்டிக்கொண்டே சுவரைத் தாண்டிவிட்டான். தலையில் துண்டு, முகம் தெரியவில்லை. அம்மிக்கல் புரண்டு கிடந்தது. அதன் விளிம்பில் ரத்தம்.

"ஆம்பள ரெண்டு பேரு சேந்து தூக்கற கல்லு. அத எதுக்குடா பெரட்டுனான்? அடியில என்ன பொதையலா இருக்கு?"

என் கையிலிருந்த தேநீர்க் கோப்பை தரையில் விழுந்து உடைந்தது. ரேகா ஓடி வந்தாள்.

"என்ன ஆச்சு? யாராவது செத்துட்டாங்களா?"

"இல்ல... என் வாசகர் ஒருத்தர்..."

அந்தக் கல்லுக்கு அடியில் சாவி இருக்கிறது என்று நம்ப, என் தொடரைப் படித்தவனால் மட்டும்தான் முடியும்.

4

மச்சானின் கால்கள் சுத்தமாக இருந்ததால் விட்டுவிட்டார்கள். ("சாக்ஸ் நாத்தம் தாங்காமத்தான் விட்டாங்க மச்சான்." சிரிக்கப் பார்த்தார்.) போலீஸில் புகார் கொடுத்தாயிற்று. ஆள் கிடைக்கவில்லை. 'கெடிலம் வாசகன்' என்ற கணக்கை மறுநாளிலிருந்து காணோம்.

இந்த இடத்தில் தொடர்கதைக்காரன் திருடனை வர்ணிக்க வேண்டும். தழும்பு, சிவந்த கண், பீடி நாற்றம். என்னால் முடியவில்லை. எனக்குத் தெரிந்தது, அவர் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருப்பவர். கவனமாகப் படிப்பவர். லாஜிக் பார்ப்பவர். நான் காலமெல்லாம் ஏங்கிய மாதிரியான

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனமில்லை.

5

இரண்டு நாள் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"தம்பி, நாந்தான் ஒங்க ஈரப் புடவை."

பெயர் சௌந்தரம். கடலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மச்சானிடம் என் எண்ணை வாங்கியிருக்கிறார்.

"அம்மா, என்ன மன்னிச்..."

"இருங்க. மூணாவது வாரமே தெரிஞ்சு போச்சு, எம் பொடவைன்னு. தங்கம்மாகிட்ட காட்டி ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். என்னைய சின்னப் பொண்ணா வேற ஆக்கிப்புட்டீங்க."

"வீட்ட ஏம்மா வெளியில பூட்டி..."

"நாந்தான் பூட்டச் சொன்னேன். வீட்டுக்காரரு போனதுலேர்ந்து புரோக்கருங்க தொல்ல. இடத்த குடுத்துடுங்கம்மா, குடுத்துடுங்கம்மான்னு ஓயாம பெல் அடிக்கறானுவ. பூட்டு தொங்குனா எவன் அடிப்பான்? காலையில தங்கம்மா பூட்டுவா, சாயங்காலம் தொறப்பா. கொல்லக் கதவு சாவி எங்கிட்ட. உள்ள நான் மகாராணி. அதத்தான் நீங்க ஊருக்கே தொறந்து காட்டிட்டீங்க."

வெளியே ஓர் ஆடு கத்தியது.

"அது என்ன சத்தம்?"

"ஆடும்மா."

"அங்க வீட்டுக்குப் பூட்டுப் போடுவீங்களா?"

"இல்லம்மா. இந்த ஊர்ல யாரும் போடறதில்ல."

"அதான்" என்றார்.

"தொடர நிறுத்திடறேம்மா" என்றேன்.

"நிறுத்துனா படிச்சவனுக்கு மறந்துடுமா? காலு ஆறுனதும் மறுபடி வருவான். இந்த வாட்டி கல்லத் தொட மாட்டான். நேரா கதவுக்கு வருவான்."

"கொஞ்ச நாளைக்கு யாராவது சொந்தக்காரங்க வீட்ல..."

"வீட்ட விட்டுப் போறதா இருந்தா புரோக்கருக்கே குடுத்துட்டுப் போயிருப்பனே! நல்லா யோசிச்சுப் பாருங்க தம்பி. பொடவை நெசம். செவுரு நெசம். குளிக்கற நேரம் நெசம். அதெல்லாம் அவன உள்ள கூட்டியாந்துச்சு. நீங்க உட்ட பொய்யி ஒண்ணே ஒண்ணு, அந்தச் சாவி. அது அவன் காலுல விழுந்துச்சு. இனிமே பொய்யா எழுதுங்க. பெருசா எழுதுங்க."

6

முடிவுகள்.

முதல் முடிவு: நசுங்கிய விரலுக்கு மருந்து வாங்க வந்தவனை, மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்த மச்சான் மடக்குகிறார். கைத்தட்டல் நிச்சயம். ஆனால் நடக்கவில்லை.

இரண்டாவது முடிவு: சௌந்தரம் வீட்டை விற்றுவிட்டுப் போகிறார். அவரே அடித்துவிட்டார்.

மூன்றாவது முடிவு: இதோ. இந்த வெள்ளி, 'ஈரப் புடவை' வரவேண்டிய இடத்தில் இந்தக் கதையை வெளியிடச் சொல்லியிருக்கிறேன். பெயரை மாற்றிக்கொண்டாலும் அவர் இங்கே வந்துதானே ஆக வேண்டும்?

கெடிலம் வாசகரே, வணக்கம். கால் எப்படி இருக்கிறது?

அந்த வீட்டில் இப்போது ஒரு நாய் இருக்கிறது. ராஜபாளையம். மச்சான் வடலூர்ப் பக்கம் ஒரு பண்ணையிலிருந்து பைக்கில் நடுவே உட்காரவைத்துக் கொண்டுவந்தார். பெயர் மன்னாரு. குரைக்கும் பழக்கம் இல்லை, அதுதான் அதனிடம் உள்ள குறை. கடித்த பிறகுதான் அது வந்ததே தெரியும். கொடிக்குக் கீழே, புடவை நிழலில் படுத்திருக்கிறது. [மச்சான் அனுப்பிய வீடியோவை இங்கே இணைக்கவில்லை.]

இடத்தைப் பற்றிப் பொய் எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்தவன் நான். அந்தச் சத்தியத்தை ஒரு தடவை மீறியிருக்கிறேன் என்பது உங்கள் கால்விரலுக்குத் தெரியும்.

நாய் இருக்கிறதா, இல்லையா? லாஜிக் பார்ப்பவர் நீங்கள். முடிவை உங்களிடமே விடுகிறேன்.

சுவர் அதே உயரம்தான்.