நடுக் குழாய்

சொந்தமாகச் சின்ன பீர் ஆலை நடத்துகிறவள் அவள். ஆனால் அவளுடைய போதை குறைந்த பீருக்குக் கொழுந்தனின் பாரில் கிடைத்த இடம் பீர் ஊற்றும் குழாய் அல்ல, ஃப்ரிட்ஜின் அடித்தட்டு, சோடா பாட்டில்களுக்குப் பின்னால். யாராவது கேட்டால், நோயாளியைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் குனிந்து எடுப்பான்.

“வாய் கொப்பளிக்கிற தண்ணி அண்ணி இது. இதுக்கு எதுக்குக் குழாய்?”

அவளுக்குச் சுருக்கென்றது. போதையைக் கூட்டுவது ஒரு வேலையா? முளைகட்டிய பார்லி மால்ட்டை அள்ளிக் கொட்டினால் தன்னால் ஏறும். அதைக் குறைத்துவிட்டு ருசியை நிலைநிறுத்துவதில்தான் கைப்பக்குவம் தெரியும். ஓட்ஸ் சேர்த்து, வாசனைக்கான ஹாப்ஸ் பூவைக் கடைசியில் போட்டு, ஆரஞ்சுத் தோல் வாசனையை அப்படியே பிடித்து வைத்திருந்தாள். மூலையில் ஒளித்து வைத்தால் யாருக்குத் தெரியும்?

வெள்ளிக்கிழமை அவளே பீப்பாயோடு பாருக்கு வந்து நடுக் குழாயில் மாட்டினாள். ‘போதை குறைவு, ருசி குறையாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதி மேலே ஒட்டினாள்.

“யாரு குடிப்பா?” என்றான் கொழுந்தன்.

“வண்டி ஓட்டணுமேன்னு சோடாவை வெச்சுக்கிட்டு முழிக்கிறாங்களே, அவங்க குடிப்பாங்க. நீ ஊத்து.”

ஞாயிறு மத்தியானம் ஆலையில் அண்டா கழுவிக்கொண்டிருந்தபோது அவனிடமிருந்து போன் வந்தது. பின்னால் ஒரே கூட்ட இரைச்சல்.

“அண்ணி, அந்த வாய் கொப்பளிக்கிற தண்ணி தீந்துபோச்சு. உடனே ரெண்டு பீப்பாய் அனுப்புங்க. ஆளுங்க என்னைப் பிச்சு எடுக்குறாங்க.”

“அனுப்புறேன். முதல்ல போய் நல்லா வாயைக் கொப்பளிச்சுட்டு வந்து, பீர்னு சொல்லிக் கேளு.”