முதலில் மூக்கை நீட்டுபவர்

என் ஆராய்ச்சி சிக்னல் இல்லாத நாற்சந்திகளைப் பற்றியது. நான்கு பக்கமும் வண்டிகள் வந்து நின்றால் யார் முதலில் போகிறார், ஏன் போகிறார் என்று வருடக்கணக்கில் வெயிலில் நின்று படமெடுத்தேன். ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று; தேர்வாளர்களின் அறிக்கைகளும் நல்லபடியாக வந்துவிட்டன. பாக்கி வைவா என்கிற வாய்மொழித் தேர்வு ஒன்றுதான். மாதக் கடைசிக்குள் அது நடக்காவிட்டால் என் பதிவு காலாவதியாகிவிடும். பிறகு எல்லாம் முதலிலிருந்து.

தேதி குறிப்பதில்தான் சிக்கல். என் நெறியாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் பாக்கலாம் சார். "வெளித் தேர்வாளருக்கு எது தோதோ அதுதாம்மா. பாக்கலாம்" என்பார். அந்த வெளித் தேர்வாளர், ஆய்வேடுகளைத் துண்டு துண்டாக நறுக்குவதில் பேர்போன கத்தரி மேடம். போனில் கேட்டால், "உங்க கைடு என்னைக்குச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்" என்றார். துறைத்தலைவரோ, "அவங்க ரெண்டு பேரும் சீனியர். நான் எப்படி முந்திக்கிறது?" என்று கையை விரித்தார். மூன்று பேரும் தங்கமானவர்கள். அவர்கள் பரிமாறிக்கொண்ட மரியாதையில் என் பிழைப்பு நாறிக்கொண்டிருந்தது.

வீட்டில் ஒத்திகை மட்டும் தடபுடலாக நடந்தது. என் நாத்தனார் பல் மருத்துவர். வலிக்கிற இடமாகப் பார்த்துத் தட்டுவது அவள் தொழில். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து நான் ஆறாவது அத்தியாயமான முடிவுரையைச் சொன்னேன்: எல்லோரும் முந்தினால் மட்டுமல்ல, எல்லோரும் விட்டுக்கொடுத்தாலும் சந்தி அடைத்துக்கொள்ளும்; யாராவது ஒருவர், மற்றவர்கள் பார்க்கும்படி, மெதுவாக வண்டியின் மூக்கை நீட்ட வேண்டும்.

"அதெல்லாம் சரி அண்ணி. இதை நீங்க ஒரு தடவையாவது செஞ்சு பாத்திருக்கீங்களா?"

"எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாது."

"அப்ப மேடம் உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் அவள்மேல் இல்லை என்பது பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. ஊரார் வண்டியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள், என் வண்டியை மட்டும் நடுச்சந்தியில் நிறுத்திவிட்டு நின்றிருக்கிறேன். ஈரக் கையோடு வந்து உட்கார்ந்தேன். துறை அரங்கைப் பதிவு செய்தேன். மூவருக்கும் ஒரே மின்னஞ்சல்: வரும் வியாழன் காலை வைவா, இயலாதவர்கள் நாளைக்குள் தெரிவிக்கவும். யார் முடிவு என்று மட்டும் அதில் எழுதவில்லை. மாணவி வைவா தேதி குறித்ததாக எங்கள் துறையில் கேள்விப்பட்டதே இல்லை.

மறுநாள் பாக்கலாம் சார் கூப்பிட்டார். "வியாழக்கிழமைன்னு யாரும்மா முடிவு பண்ணது?"

"முடிவாயிடுச்சு சார்."

"அப்ப சரி," என்றார் நிம்மதியாக. மற்ற இருவரும் 'நல்லது' என்று பதில் போட்டிருந்தார்கள்.

வியாழனன்று கத்தரி மேடம் அட்டவணைகளைக் குடைந்தார், படங்களைக் குடைந்தார். நான் அசரவில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "பேப்பர்ல எல்லாம் அழகா இருக்கு. இதை நீங்களே எப்பவாவது செஞ்சு பாத்திருக்கீங்களா?"

பார்க்க வந்திருந்த நாத்தனார் பின்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பொய் சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் என் ஆறாவது அத்தியாயத்துக்கு இதைவிட நல்ல சாட்சி ஏது?

"செஞ்சிருக்கேன் மேடம். இன்னைக்கு இந்தத் தேதியைக் குறிச்சது நான்தான்."

தொலைந்தோம் என்றே நினைத்தேன்.

மேடம் பாக்கலாம் சார் பக்கம் திரும்பினார். "நீங்கன்னுல்ல நெனச்சேன்?"

"நான் உங்களைன்னு நெனச்சேன்," என்றார் அவர்.

துறைத்தலைவர், "நான் உங்க ரெண்டு பேரையும் நெனச்சேன்," என்றார்.

முதலில் சிரித்தது கத்தரி மேடம்தான். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "எனக்கு வேற கேள்வி இல்ல. வாழ்த்துகள், டாக்டர்," என்றார். நாத்தனார் விசிலடித்தே விட்டாள். அத்தனை வருட வெயிலும் அந்த ஒரு சொல்லில் இறங்கிப் போயிற்று.

எல்லோரும் கிளம்பினோம். வாசலில் மூவரும் நின்றுவிட்டார்கள்.

"நீங்க போங்க மேடம்."

"இல்ல இல்ல, நீங்க போங்க சார்."

"பெரியவங்க ரெண்டு பேரும் முதல்ல..."

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர்களுக்கு நடுவே புகுந்து முதல் ஆளாக வெளியே நடந்தேன். பின்னாலேயே மூவரும் வந்தார்கள்.