ஷீலா ஊற்றும் ஆயில்

ஷீலா செத்து, ஆடி போய், தீபாவளி போய், மார்கழியும் பிறந்துவிட்டது. அவள் புருஷன் டில்லிபாபு இன்னும் அழவில்லை.

மந்தைவெளியில் அவரைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் இது பெரிய மனக்குறை. எடுத்த அன்றைக்கும் அழவில்லை, காரியத்தன்றைக்கும் அழவில்லை, மனுஷன் பாட்டுக்கு ஜெராக்ஸ் கடையைத் திறந்து ஆதார் கார்டுக்கு லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? கல்லுளிமங்கன் என்றாள் ஷீலாவின் அக்கா சொர்ணம், அவர் காதில் விழட்டும் என்றே. விழுந்தது. அவருக்குக் கோபம்கூட வரவில்லை. இவள் சொல்வதுதான் சரியோ என்று தோன்றியது.

பிடிவாதமெல்லாம் இல்லை ஐயா, வரவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்குவதற்கு மரத்துப்போகிற ஊசி போட்டுக்கொண்டவன் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பானே, அந்த மாதிரி அவரும் அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவளுடைய புடவை மடிப்பைப் பார்த்தார். மாத்திரை டப்பாவைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

மிச்சம் இருந்தது வண்டி. பழைய எஸ்டி மோட்டார் சைக்கிள். கல்யாணத்துக்கு முன்பே செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இழுவை குறைந்துவிட்டது என்று இன்ஜினைப் பிரித்துப் போட்ட நேரத்தில்தான் ஷீலாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. பிறகு யார் வண்டியைப் பார்ப்பது? கழற்றிய சாமான்கள் தக்காளிக் கூடைகளில் கட்டிலுக்கடியில் கிடந்தன. அடையாறு ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் வூட்டுக்கு வர்ற அன்னிக்கு ஆட்டோ இட்டாராத. வண்டிய எட்த்துனு வா. பின்னால குந்திக்கினுதான் வருவேன்."

சரி என்றார். அவள் வீட்டுக்கு வந்தாள், ஆம்புலன்ஸில். வண்டி அன்றைக்கும் கூடையில்தான் கிடந்தது.

காரியம் முடிந்ததுமே அவர் கூடைகளை வெளியே இழுத்தார். வண்டி ஓடிவிட்டால் உள்ளே என்னமோ அடைத்துக்கொண்டிருப்பதும் விட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை. கிறுக்குத்தனம்தான். ஆனால் அதைத் தவிர வேறு எதிலும் அவருக்குப் பிடிப்பில்லை. புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி ரப்பர், கேபிள் எல்லாம் தேடினார். டேங்கின் நெளிசலை எடுத்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, ஸ்போக்ஸை ஒவ்வொன்றாகத் துடைத்தார். கண்காட்சிக்குப் போகிற பழைய வண்டிக்காரர்கள் முதலில் கழற்றுவது, சக்கரத்தில் புடவை சிக்காமலிருக்கப் போட்ட பின்பக்கத்துப் புடவைக் கம்பியைத்தான். கம்பெனியிலிருந்து வந்தபோது அது கிடையாதாம். இதையும் கழற்றிவிடலாமா என்று கேட்டான் ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருக்கும் வலியுல்லா. இருக்கட்டும் என்றார் டில்லிபாபு. ஏன் என்று அவன் கேட்கவில்லை. முப்பது வருஷத்துச் சிநேகிதன்.

சிலிண்டரைக் கடைந்து புதுப் பிஸ்டன் போட்டுக் கொடுத்ததும் வலியுல்லாதான். பட்டறை வாசலில், பாட்டிலில் கலந்து வைத்திருந்த பெட்ரோலைக் கொஞ்சம் விட்டு உதைத்தார்கள். நாலாவது உதைக்கு வண்டி எழுந்தது. ஆயில் எரிந்த நீலப் புகை பட்டறையை நிறைத்தது. அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்களெல்லாம் வந்து பார்த்தார்கள். வலியுல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது, புகையோ என்னவோ. டில்லிபாபு தன்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ம்ஹூம். ஓட்டினால் வரும் என்று சொல்லிக்கொண்டார்.

"பாபு, இதான் கடைசி," என்றான் வலியுல்லா. "இதுக்கு மேல கடஞ்சா அதுக்கேத்த பெரிய பிஸ்டன் எந்தக் கடையிலயும் கெடையாது. ஜாம் ஆச்சுனு வையி, சிலிண்டர்ல மண்ணப் போட்டுச் செடி வச்சிக்க வேண்டியதான். ஆயில் கொஞ்சம் தூக்கலாவே ஊத்து."

எனக்கே சொல்லித் தருகிறாயா என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு டில்லிபாபு கிளம்பினார்.

தெரியாமலா இருக்கும்? இந்த வண்டி வெறும் பெட்ரோலைக் குடித்து ஓடாது. பெட்ரோலோடு ஆயிலையும் டேங்கில் கலந்தால்தான் பிஸ்டன் வழுக்கிக்கொண்டு போகும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் தெரிந்திருந்தது தலைக்கு, கைக்குப் பழக்கமில்லை. பெட்ரோல் பங்கில் ஆயில் கிடைப்பது நின்றுபோன நாளிலிருந்து பாட்டில் ஷீலாவின் கைப்பையில்தான் இருக்கும், பாலிதீன் கவரில் சுற்றி, சீப்புக்கும் பஸ் சில்லறைக்கும் நடுவில். பங்கில் அவள் இறங்குவாள். இவர் டேங்க் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவள் அளந்து ஊற்றுவாள், பெட்ரோல் விழும், பிறகு புடவைக் கம்பியைப் பிடித்து வண்டியை நாலு உலுக்கு உலுக்குவாள், கலக்க வேண்டுமே. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, தோளில் ஒரு தட்டு. அதற்கப்புறம்தான் வண்டி நகரும். அன்றிலிருந்து வேலைப் பங்கீடு இதுதான். தனியாகப் போகிற நாளுக்கும் முந்தின நாளே கலந்து வைத்துவிடுவாள்.

கிண்டியில் பங்குக்குள் நுழைந்தார். மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்ரோல் விழுந்தது. டேங்க் நிறைந்தது. மூடியை மூடினார். அதற்குப் பிறகும் ஏதோ பாக்கி இருக்கிற மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். என்னவென்று பிடிபடவில்லை. பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். கிளம்பிவிட்டார்.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. சர்தார் படேல் ரோட்டில், மரத்தடியில், மத்தியான வெயில் தெரியாமல் போய்க்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வந்தது. வாசலில் வழக்கம்போல் இளநீர் வண்டி, ஸ்கேன் கவரோடு நிற்கிற ஜனம். இந்த இடத்தில் ஏதாவது வரும் என்று நினைத்திருந்தார். வேகத்தைக் கூடக் குறைத்தார். ஒன்றும் வரவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தார், புகை அறவே இல்லை. பரவாயில்லை, இன்ஜின் சுத்தமாக எரிக்கிறது என்று நினைத்துக்கொண்டார். முப்பது வருஷம் இந்த வண்டியை ஓட்டின ஆள் நினைக்கிற நினைப்பா அது!

அடையாற்றுப் பாலத்தின் நடுவில் சத்தம் மாறியது. கிணுகிணுவென்று ஒரு சன்னக் குரல், பிறகு இழுவை செத்தது, பின்சக்கரம் கிறீச்சென்று பூட்டிக்கொண்டது. கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பித்தார். வண்டியை ஓரங்கட்டி, உதைக்கிற கம்பியை விரித்து மிதித்தார். அது இறங்கவில்லை. ஏறி நின்று மிதித்தார். கல் மாதிரி நின்றது. இன்ஜினிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தார். வெறும் பெட்ரோல்.

கடைசி பிஸ்டன். அதுவும் போச்சு.

அப்போது போன் அடித்தது. மகள் அன்புக்கரசி. வாசலில் கோலம் போட்டு, சக்கரத்துக்கடியில் வைக்க எலுமிச்சம்பழமெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வண்டி ஓடுதாப்பா, எங்கே வந்துக்கினு இருக்க என்று கேட்டாள்.

"ஜாம் ஆயிருச்சு," என்றார். பிறகு, சொல்ல வேண்டும் என்று நினைக்காமலே, எரிச்சலாக, "உங்கம்மா ஆயில் எட்த்துனு வரலம்மா," என்றார்.

பாலத்தில் பஸ் ஒன்று கடந்து போயிற்று.

"அப்பா," என்றாள் அன்புக்கரசி மெதுவாக, "அம்மா பை ஆணியிலயே தொங்கிக்கினு கீதுப்பா."

டில்லிபாபு பின்சீட்டைப் பார்த்தார். எட்டு மாசமாகப் பார்த்துப் பார்த்துத் துடைத்த சீட்டு. அதில் யாரும் இல்லை. அது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஏண்டி," என்று ஆரம்பித்தார். குரல் உடைந்தது. "ஒரே ஒரு வேல. அத்தக்கூட ஒயுங்கா செய்ய மாட்டியா?"

புடவைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்து அழுதார். போகிறவர்கள் வருகிறவர்கள் விபத்தோ என்று வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டில் நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி அழுதார். பிறகு எழுந்து, நியூட்ரலில் போட்டு, பாலத்திலிருந்து மந்தைவெளி வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.