எடுத்துக் கிழித்த போன்

குளித்துவிட்டு வருவதற்குள் போனில் பத்து சதவீதம் இறங்கியிருந்தது. விடிய விடியச் சார்ஜரில் கிடந்த போன். லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்குக் காலையிலேயே எரிச்சல் உச்சிக்கு ஏறியது. ஆபீஸ் அந்த மெயில் ஆப்பைக் கட்டாயமாக்கிய நாளிலிருந்து இதே கூத்துதான். மதியம் தாண்டினால் போன் வெறும் கட்டை. மகள் பள்ளியில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட அன்றும் கட்டையாகத்தான் கிடந்தது.

"கழுத்துக் கட்டிக்கு இன்னைக்கு ரிசல்ட் சொல்றாங்க," என்றாள் மனைவி. "டாக்டர் எப்பக் கூப்பிடுவாரோ தெரியாது. சொன்னதும் வந்துடுங்க. தனியா உள்ள போக எனக்குத் தைரியம் இல்ல."

"போன் பண்ணு, ஓடி வந்துடறேன்."

"ஆமா, எடுத்துக் கிழிச்சீங்க!"

சுருக்கென்று தைத்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அன்றைக்கு வேலை நடந்த லிஃப்டின் மோட்டார் ரூமில் கூட்டாளி போனை வாங்கிப் பார்த்தான். "அண்ணே, இந்த மெயில் ஆப்தான் சார்ஜைக் குடிக்குது. வந்துச்சா, வந்துச்சான்னு ஓயாம தேடிக்கிட்டே இருக்கு. நீங்களா திறந்தா மட்டும் மெயில் வர்ற மாதிரி வச்சுக்குங்க."

"சூப்பர்வைசர் கத்துவாரே?"

"சாயங்காலம் கத்தட்டும்."

மாற்றி வைத்தார்கள். அதற்கப்புறம் சார்ஜ் அசையவே இல்லை. ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கிவிட்டு எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டான். இத்தனை நாள் இந்தச் சின்ன விஷயம் தெரியாமலா நாய்படாத பாடு பட்டோம் என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது. மதியம் போனது. அவளிடமிருந்து அழைப்பு இல்லை. தானே கூப்பிடலாம்தான், காலையில் வாங்கிய குத்தல் விடவில்லை. டாக்டர் வர லேட்டாகியிருக்கும். அவளே கூப்பிடட்டும், முதல் மணியிலேயே எடுத்துக் காட்டுகிறேன் என்று வீம்பாக இருந்தான்.

சாயங்காலம் வேலை முடிந்ததைச் சொல்ல மெயிலைத் திறந்தான். ஆபீஸ் குப்பைகளுக்கு நடுவே மனைவியின் மெயில்கள்.

"டாக்டர் வந்துட்டாரு. போன் எப்படியும் செத்திருக்கும். ஆபீஸ் மெயில்னா யார் போன்லயாவது திறந்து பாத்துடுவீங்களே, அதான் இதுல அனுப்பறேன். உடனே வாங்க."

"எனக்கு அடுத்த ஆளை முன்னாடி அனுப்பிட்டு உக்காந்திருக்கேன். எங்க இருக்கீங்க?"

கடைசியாக வந்ததில் இரண்டே வார்த்தை. "உள்ள போறேன்."

அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வராந்தா நாற்காலிகள் காலியாக இருந்தன. கோடியில் அவள் மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகமா, அழப்போகிற முகமா என்று தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"போன் செத்துடுச்சா?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

நடந்ததையெல்லாம் சொல்ல வாயெடுத்தான். எங்கே தொடங்கினாலும் கேவலமாகத்தான் இருந்தது.

"ஆமா," என்றான்.

அவள் தலையாட்டினாள். அவன் கையைப் பிடித்துத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். அப்போது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. சூப்பர்வைசராகத்தான் இருக்கும். எடுக்கவும் முடியவில்லை, அணைக்கவும் கை வரவில்லை. துணிக்குள் வெளிச்சம் விட்டு விட்டுத் தெரிய, ஆளில்லாத வராந்தாவில் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது.